பாசியை விலக்கச் சொன்ன சேதி

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எதையாவது விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் நடக்காததைச் சேர்த்துவிடுவேன். நான் அதிகம் கற்றவள் இல்லை. எந்த நிழல் பருந்து, எந்த நிழல் கொக்கு என்று அம்மா சொல்லித்தர ஆரம்பித்த மழைக்காலத்திலேயே, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள் என்று என்னைக் கூட்டில் உட்காரவைத்துவிட்டாள். அதனால் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு முக்குளிப்பான். ஏரி நடுவே கோரைப்புல்லில் மிதக்கிற கூடு கட்டி முட்டையிடும் சின்னப் பறவை. எங்களுக்குக் கிழிக்கும் நகமும் இல்லை, எதிரியை விரட்டும் அலகும் இல்லை. ஒரே ஒரு காவல்தான் உண்டு. இரை தேடப் போகும்போது ஈரப் பாசியை அள்ளி முட்டைகளின் மேல் போட்டு மூடிவிட்டுப் போவோம். மேலிருந்து பார்த்தால் ஏதோ குப்பை மிதக்கிறது என்றுதான் தோன்றும். முட்டை தின்னும் அண்டங்காக்கை தலைக்கு மேல் பத்து முறை சுற்றினாலும் ஏமாந்துதான் திரும்பும்.

எங்கள் ஏரியில் ஒரு வழக்கமும் உண்டு. கரையில் இருக்கும் மருத மரத்திலிருந்து மைனாக்கள் சேதி சொல்லும். சேதி காதில் விழுந்தால், வாயில் இரை வைப்பதற்கு முன் பக்கத்துக் கூடுகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பருந்து வரும்போது யாரும் நின்று விசாரிக்க முடியாது என்பதற்காக வந்த வழக்கம் அது. பருந்து விஷயத்தில் நல்ல வழக்கம்தான்.

ஒரு நாள் காலை மைனாக்கள் கத்தின.

"ஆபத்து! ஆபத்து! பாசி போட்டு மூடிய முட்டை இந்த வெயிலில் உள்ளேயே அவிந்துவிடும். நாரை வைத்தியரே சொல்லிவிட்டார். கிழக்குக் கரையில் ஒரு தாய் ஆறு முட்டையையும் பறிகொடுத்துவிட்டுக் கதறுகிறாள். பெரிய பறவைகளுக்கு இது எப்போதோ தெரியும், நம்மிடம் மறைக்கிறார்கள். நூறு கூடுகளில் பாசியை எடுத்துவிட்டார்கள். பிள்ளை மேல் பாசம் உள்ளவள் இன்றே எடுப்பாள். கேட்டவள் ஏழு கூட்டுக்குச் சொல்லட்டும்!"

அப்போது என் கூட்டில் ஐந்து முட்டைகள். அலகால் பாசியை அவசர அவசரமாக விலக்கினேன்.

"என்னடி பண்றே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவிஞ்சு போயிடுமாம். நாரை வைத்தியர் சொன்னாராம்."

"அவர்கிட்ட நீ கேட்டியா?"

"ஊரே சொல்லுதுங்க. எல்லாரும் பொய்யா சொல்வாங்க?"

"எங்க அம்மா மூடித்தான் என்னைப் பொரிச்சா. நான் என்ன அவிஞ்சா போனேன்?" என்று முணுமுணுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, திறந்தே வை. நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் மேல உட்கார்ந்துக்கறேன். உன்னோட பேசி ஜெயிக்க முடியாது" என்றார்.

நான் கிளம்பிவிட்டேன். ஏழு கூட்டுக்குச் சொல்ல வேண்டுமே.

ஆறு கூடுகளில் சொன்னேன். ஏழாவது கூடு செவந்தியுடையது. அவள் முட்டையிட்டது அதுதான் முதல் தடவை, நான்கு முட்டைகள். அவள் துணையைப் போன மாதம் பருந்து கொண்டுபோய்விட்டது. கூட்டில் உட்கார மாற்று ஆள் இல்லை. அவள் இரைக்குப் போனால் அந்த முட்டைகளுக்குப் பாசிதான் துணை.

நான் போனபோது அவள் பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"செவந்தி, மைனா சொன்னது கேட்கலையா?"

"கேட்டுச்சு அக்கா. மைனா எதைத்தான் சொல்லாது? போன வாரம் ஏரி ராத்திரியோட ராத்திரியா வத்தப்போவுதுன்னு கத்துச்சு. தண்ணி இன்னும் அப்படியேதான் கிடக்கு."

"இது அப்படி இல்லடி. நாரை வைத்தியர் சொன்னது."

"மூடாம போனா காக்கா பார்த்துடாதா?"

"காக்கா வந்தாலும் வரும், வராமலும் போகும். அவிஞ்சா மொத்தமும் போச்சே. உனக்கு இருக்கிறதே இதுதானே. பிள்ளைங்க மேல ஆசை இருக்கிறவ செய்யற காரியமா இது?"

கடைசி வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன்? அது என் வார்த்தை இல்லை. மைனா வாயிலிருந்து என் வாய்க்கு வந்தது. ஆனால் அதைக் கேட்டதும் செவந்தியின் முகம் மாறிவிட்டது.

"அக்கா, நீ இவ்வளவு தூரம் சொல்றேன்னா சரி" என்றாள். அடுக்கிய பாசியை அவளே தள்ளிவிட்டாள். நான்கு முட்டைகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அவள் மேற்குப் பக்கம் இரை தேடப் போனாள். நானும் நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே அது நடந்துவிட்டது. கோரைக்கு மேல் அண்டங்காக்கை தாழ்வாகப் பறந்ததைப் பார்த்தேன். அது சுற்றவில்லை, தேடவில்லை. நேராக இறங்கியது. நான் கத்திக்கொண்டே நீந்திப் போனேன். போய்ச் சேர்ந்தபோது கூட்டில் ஓடு மட்டும் கிடந்தது. காக்கையின் அலகில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"என்னம்மா, மூடலையா?" என்று கேட்டுவிட்டு அது அடுத்த கூட்டுக்குப் போனது.

அப்போதுதான் நான் நாரையிடம் போனேன். எங்கள் கூட்டிலிருந்து அவர் நிற்கும் இடம் முப்பது சிறகடிப்பு தூரம். காலையிலேயே போயிருக்கலாம்.

"வைத்தியரே, மூடினால் முட்டை அவியும் என்று நீங்களா சொன்னீர்கள்?"

"நான் வைத்தியன்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் நாரை. "ஒத்தைக் காலில் சும்மா நிக்கறேன்னு நீங்களா ஒரு பேர் வச்சிட்டீங்க. நான் மீனுக்காக நிக்கறேன். முட்டையைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயே திறக்கலை. தள்ளி நில்லு, மீன் ஓடுது."

மருத மரத்துக்குப் போனேன்.

"உங்களுக்கு இதைச் சொன்னது யார்?"

மைனாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு மைனா, "காக்கா அண்ணன்தான் சொன்னாரு. நாரை சொன்னதா சொன்னாரு. அவருக்குன்னு அவர் எதுவும் கேட்கலையே? நம்ம நல்லதுக்குத்தானேன்னு நினைச்சோம்" என்றது.

காக்கை தன் வாயால் சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டோம். அதனால்தான் நாரையின் பெயரைப் போட்டுக்கொண்டது. கதறிய அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. பாசியை எடுத்த நூறு கூடுகள் எந்தக் கரையில் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஏரி முழுக்கத் தேடினாலும் அறுபது கூடு தேறாது. எண்ணத் தெரியாதவளா நான்? ஆனால் 'இன்றே' என்ற வார்த்தை என்னை எண்ண விடவில்லை. பாசம் உள்ளவள் என்ற வார்த்தை என்னைக் கேள்வி கேட்க விடவில்லை. கேட்டால் பாசம் இல்லாதவள் ஆகிவிடுவேனே.

செவந்தி இரை தின்றுவிட்டுத் திரும்பியபோது நான் அவள் கூட்டருகே நின்றிருந்தேன். ஓடுகளைப் பார்த்தாள்.

"உன் முட்டைங்க?" என்று கேட்டாள்.

"இருக்கு. அவர் மேல உட்கார்ந்திருந்தார்."

"நல்லது" என்றாள். பிறகு சொன்னாள்: "மைனா சொன்னதை நான் நம்பலை அக்கா. நாரை சொன்னதையும் நம்பலை. நீ சொன்னதைத்தான் நம்பினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலைக்குள் மற்ற ஆறு கூடுகளுக்கும் போனேன். "காலையில் நான் சொன்னது பொய், மூடுங்கள்" என்றேன். இரண்டு கூடுகளில் மூட ஒன்றும் மிச்சம் இல்லை. ஒருத்தி, "இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

என் ஐந்து முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும்போது செவந்தியின் கூட்டுப் பக்கம் போகமாட்டேன். அவள் ஏரியின் மறு ஓரத்தில் புதுக்கூடு கட்டினாள். எதிரில் வந்தால் தலையசைப்பாள். அக்கா என்று கூப்பிடுவதில்லை.

இந்த வருஷமும் மைனாக்கள் கத்தின. புதுச் சேதி, புது ஆபத்து, அதே ஏழு கூடு. நான் ஓடவில்லை. முட்டைகளின் மேல் இன்னும் கொஞ்சம் பாசியை இழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரரைக் கூட்டில் உட்காரவைத்துவிட்டு, சேதியில் யார் பெயர் இருந்ததோ அவர் வீட்டுக்கே போய் நேரில் கேட்டேன். பக்கத்துக் கூட்டுக்காரி, "ஊருக்குச் சொல்லாம உட்கார்ந்திருக்கியே, நெஞ்சு கல்லா உனக்கு?" என்றாள். கேட்டுவிட்டு வரும்வரை நான் அவளிடமும் அலகைத் திறக்கவில்லை.

பயம் காட்டி, பாசத்தைச் சோதித்து, உடனே பத்துப் பேருக்குச் சொல் என்று அவசரப்படுத்தும் சேதியை, அதை முதலில் சொன்னது யார், அதனால் யார் வயிறு நிறையும் என்று தெரியும்வரை நாமும் நம்பக்கூடாது, நம்மை நம்புகிறவர்களிடமும் சொல்லக்கூடாது.