பக்கத்தில் நின்ற குதிரை

“குதிரைக்கு ஒரு வழி சொல்லுங்க டீச்சர்” என்றார் உச்சிமாகாளி.

செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

டீச்சர் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். விரலை உதட்டில் வைத்துக் காட்டி, உள்ளே வரும்படி தலையை அசைத்தார். தூளியில் கைக்குழந்தை. அப்போதுதான் கண் மூடியிருந்தது.

டீச்சரின் பெயர் ஜெபமலர். வயதில் உச்சிமாகாளியைவிட ரொம்பச் சின்னவர். ஒரு காலத்தில் மாநிலப் பட்டம் வாங்கியவர். குழந்தை பிறந்த பிறகு போட்டிக்குப் போவதில்லை. பாளையங்கோட்டையில் செஸ் ஆடத் தெரிந்த எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

உச்சிமாகாளி மின்சார லைன்மேன். உயர் அழுத்தக் கம்பி போகிற கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு கீழே இருக்கிறவனிடம் ஊர்க்கதை பேசுகிற ஆள். அவருக்குத்தான் கட்டைவிரல் உயர மரக்குதிரையைக் கண்டால் நாக்கு வறண்டுபோகிறது.

விஷயம் இதுதான். மின் ஊழியர்கள் செஸ் அணியில் அவருக்குப் பல வருடமாக ஓர் இடம் இருந்தது. இப்போது அது ஆடிக்கொண்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் ஆட்டம். ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் இடம் தங்கும். தோற்றால் போய்விடும். வேலைக்குப் போனோம், வந்தோம், சாப்பிட்டோம் என்று இருந்த மனிதருக்கு, நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்கியது அந்தப் பலகையால்தான். அது போய்விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மெதுவா சொல்லுங்க அண்ணாச்சி. பாப்பா தூங்குது.”

உச்சிமாகாளி பலகையை விரித்தார். தோற்ற ஆட்டங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜெயித்த ஆட்டம் ஒன்றாவது இப்படி நினைவிருந்தால் பரவாயில்லை.

கோவில்பட்டியில் தோற்றதை முதலில் காட்டினார். எதிராளியின் குதிரை தாவுகிறது. ஒரே தாவலில் ராஜாவுக்கும் செக், ராணிக்கும் ஆபத்து. ராஜா நகர்ந்தாக வேண்டும், ராணி போய்விடும். ஆட்டக்காரர்கள் இதை ஃபோர்க் என்பார்கள்.

“இந்தா, இந்தக் குதிரை!” என்றார்.

தூளிக்குள் ஒரு சிணுங்கல். டீச்சர் ஆட்டினார்.

அடுத்து விருதுநகர் ஆட்டம். அதிலும் கடைசியில் குதிரை. சொல்லும்போது குரல் தானாக ஏறியது. குழந்தை கையைக் காலை உதறியது. டீச்சர் மறுபடி ஆட்டினார்.

சங்கரன்கோவிலில் தோற்றதும் குதிரையால்தான். கடையநல்லூரிலும் அப்படியே. ஊர் மாறுகிறது, ஆள் மாறுகிறது, குதிரை மட்டும் மாறுவதில்லை.

டீச்சர் பலகையை அதிகம் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

“அதுக்கு முன்னால?”

உச்சிமாகாளி காய்களைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வைத்தார்.

“அதுக்கும் முன்னால?”

இன்னும் பின்னால் போனார். அவருக்கு எரிச்சலாக இருந்தது. குழிக்குள் விழுந்து கிடக்கிறவனிடம் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல டீச்சர். எல்லாம் நல்லாத்தான் போச்சு. நானும் சும்மா இருக்கல, எதிராளியோட ஒரு குதிரையை முதல்லயே அடிச்சு வெளிய போட்டுடுதேன். இன்னொரு குதிரை வந்து முடிச்சிடுது.”

‘குதிரை’ என்ற சொல் மறுபடி உரக்க வந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அன்றைய வகுப்பு அத்துடன் முடிந்தது.

மறுநாள் டீச்சர் பலகையில் வரிசையாகக் குதிரைப் புதிர்களாக வைத்தார். குதிரை எங்கே தாவினால் இரண்டு காய் மாட்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். உச்சிமாகாளி ஒன்றையும் விடவில்லை. வைத்த கையை எடுப்பதற்குள் விரலை நீட்டிவிட்டார்.

“உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி.”

இதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. கண்ணில் கோளாறு என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கண் நன்றாக இருந்தும் விழுகிறவனை யார் என்ன செய்ய முடியும்?

அதற்கடுத்து அவர் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. டீச்சர் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார். பயிற்சிக்கு எல்லோரும் கூடியிருந்த இடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்துவிட்டது. பேசியவன் தென்காசி ஆவுடையப்பன். ஞாயிற்றுக்கிழமை இவரோடு ஆடப்போகிறவன். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டார் டீச்சர்.

உச்சிமாகாளிக்குச் சொல்ல வாய் கூசியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உச்சிமாகாளிகிட்ட ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு குதிரையைக் கொண்டுபோயி பக்கத்துல நிறுத்து. மிச்சத்தை அவரே பாத்துக்கிடுவாரு.”

டீச்சர் கொஞ்ச நேரம் தூளியை ஆட்டினார்.

“நல்ல ஆட்டக்காரர்தான்” என்றார்.

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. ஆறுதல் சொல்வார் என்று வந்தால், அவனுக்குப் பட்டம் கொடுக்கிறார். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை கண்முன் நின்றதால் எழவில்லை.

“பலகையை அந்தப் பக்கம் திருப்புங்க அண்ணாச்சி. இன்னைக்கு நீங்கதான் ஆவுடையப்பன்.”

“நீங்க?”

“நான் உச்சிமாகாளி.”

டீச்சர் பலகைக்கு முதுகைக் காட்டி, தூளியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பலகை தேவையில்லை. நகர்த்துவதை வாயால் சொன்னால் போதும், முழு ஆட்டமும் மனதில் ஓடும். உச்சிமாகாளி இரண்டு பக்கக் காய்களையும் நகர்த்த வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, மெதுவாகப் பேச வேண்டும்.

முதலில் உச்சிமாகாளிக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போக அது மறைந்தது. தன் ஆட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது வேறொருவர் வீட்டு ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்ப்பது போல இருந்தது. டீச்சர் நகர்த்தியதெல்லாம் அச்சு அசல் அவர் நகர்த்துவது. அதே சிப்பாய், அதே வரிசை. ராஜாவைக் கொண்டுபோய் மூலையில் வைத்ததும் அவரைப் போலவே.

உச்சிமாகாளி ஒரு குதிரையை எடுத்தார். டீச்சரின் ராஜா இருக்கும் பக்கமாகக் கொண்டுபோய் ஒரு வெள்ளைக் கட்டத்தில் வைத்தார். பெரிய யோசனை எதுவும் இல்லை. வைக்கலாம் என்று தோன்றியது, வைத்தார்.

“குதிரை, ராஜா பக்கத்துல” என்று கிசுகிசுத்தார். எந்தக் கட்டம் என்றும் சொன்னார்.

தூளிக் கயிறு கிரீச்சிட்டது.

“மந்திரி குதிரையை அடிக்குது” என்றார் டீச்சர். உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை.

அந்த மந்திரி வெள்ளைக் கட்டங்களில் சாய்வாக ஓடுகிற காய். உச்சிமாகாளி தன் சிப்பாயால் அந்த மந்திரியை அடித்து எடுத்து வெளியே வைத்தார். ஒரு குதிரை போனது, ஒரு மந்திரி போனது, கணக்கு சரி. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகுதான் பார்த்தார். அந்த மந்திரி போனதால் டீச்சரின் பக்கத்தில் வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் காவலில்லாமல் கிடந்தன. கை தானாக இரண்டாவது குதிரைக்குப் போனது. அது ஒரு வெள்ளைக் கட்டத்தில் இறங்கியது, அங்கிருந்து இன்னொன்றுக்கு வழி பார்த்தது. தடுக்க ஆளில்லை. டீச்சர் ராணியை நகர்த்தினார், ராஜாவை நகர்த்தினார், எல்லாம் உச்சிமாகாளி நகர்த்துகிற மாதிரியே. ஒன்றும் உதவவில்லை.

“குதிரை செக்” என்றார் உச்சிமாகாளி. “ராணியும் போச்சு டீச்சர்.”

மெதுவாகத்தான் சொன்னார். குழந்தை அசையவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்கு வந்த வேலை மறந்துவிட்டது. மெனக்கெட்டு டீச்சருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? அந்த மந்திரியை எதுக்குக் குடுத்திய?”

“பக்கத்துல குதிரை வந்து நின்னுச்சே.”

“நின்னா?”

“பயமா இருந்துச்சு அண்ணாச்சி.”

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“அது சும்மா நின்னுச்சு டீச்சர். ஒத்தைக் குதிரை தன்னால என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது. கூட்டாளி வந்தாத்தான் அதுக்குப் பலம். மந்திரி அங்க நின்னிருந்தா என் ரெண்டாவது குதிரை எப்படி உள்ள வரும்? வழியை நீங்கதான் திறந்து விட்டிய.”

 டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

உச்சிமாகாளியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

பலகையைப் பார்த்தார். வெளியே எடுத்து வைத்த மந்திரியைப் பார்த்தார். கோவில்பட்டி ஆட்டத்தை மனதில் ஓட்டினார். அங்கே இந்த மந்திரியைக் குதிரைக்குக் கொடுத்திருந்தார். விருதுநகரில் கொடுத்திருந்தார். சங்கரன்கோவிலில், குதிரை இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை, வரப்போகிறது என்று பயந்து தேடிப்போய்க் கொடுத்திருந்தார். ஒரு குதிரையை வெளியே போட்டுவிட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டது நினைவுக்கு வந்தது.

காது மடல் சுட்டது. இத்தனை வருடமும் தான் தோற்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

“பாப்பா இன்னைக்கு முழிக்கவே இல்ல” என்றார் டீச்சர்.

உச்சிமாகாளி எழுந்து, சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆவுடையப்பன் சிரித்த முகத்தோடு கை கொடுத்தான். ஆட்டம் கொஞ்ச தூரம் போனதும் தன் குதிரையை எடுத்தான். உச்சிமாகாளியின் ராஜா பக்கம் கொண்டுபோய், ஒரு வெள்ளைக் கட்டத்தில் வைத்தான். ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினான். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

உச்சிமாகாளிக்கு நாக்கு வறண்டது.

தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். போகவில்லை. குதிரை அங்கே நிற்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எல்லாம் பழையபடியேதான். கை மந்திரியை நோக்கிப் போனது. தொட்டுவிட்டால் நகர்த்தியே ஆக வேண்டும், அதுதான் போட்டி விதி. விரல் மந்திரியின் தலைக்கு மேலே வந்து நின்றது. அதை எடு, குதிரையை அடி, நிம்மதியாக மூச்சு விடு என்று உடம்பு முழுவதும் சொன்னது.

கடிகாரம் ஓடியது. பக்கத்துப் பலகைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

உச்சிமாகாளி கையைப் பின்னால் இழுத்தார். இழுத்த கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றக் கையால், வேறொரு மூலையில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

ஆவுடையப்பன் டீயோடு வந்தான். மந்திரி நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்தான். உட்கார்ந்தான். டீயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு பலகையைப் பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் உச்சிமாகாளி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே குரலைத் தணித்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“டிரா, டீச்சர். அவன்தான் கேட்டான். இடம் தங்கிருச்சு.”

டீச்சர் தலையசைத்தார். பிறகு கேட்டார்.

“குதிரை?”

“கடைசி வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு.”

“பயம்?”

உச்சிமாகாளி தூளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“அதுவும்தான்.”