ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசுவது மனிதருக்குப் புரியும். மனிதர் பேசுவது பறவைகளுக்கும் புரியும். மேடு மனிதருக்கு, பள்ளம் தண்ணீருக்கு என்ற நியாயமும் அப்போது இருந்தது. அதை முதலில் மீறியவன் மலையப்பன் என்ற ஊர்த்தலைவன்.

மழை பொய்த்த ஒரு சீமையிலிருந்து சில குடும்பங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் பிழைக்க வந்தன. அவர்களில் ஒருத்தி மாராயி. அவள் புருஷன் விருமன். குடியிருக்க இடம் கேட்டார்கள். ஊருக்கு வடக்கே பெரிய மேடு ஒன்று சும்மா கிடந்தது. அறுப்புக் காலத்தில் மட்டும் அங்கே மலையப்பனின் களம் நடக்கும். அதைக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. வறண்டு கிடந்த கண்மாயைக் கைகாட்டி, நல்ல மண், அங்கே குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றான்.

மாராயிக்கு உறுத்தியது. கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில், அவள் இடுப்புக்கும் மேலே, சேறு காய்ந்த கோடு இருந்தது. கேட்டதற்கு, அது மாடு உரசிய தடம் என்று சொல்லி மலையப்பன் சிரித்தான். அவள் நம்பவில்லை. அந்தக் கண்மாயிலேயே பிறந்து வளர்ந்த ஆள்காட்டிக் குருவியைத் தேடிப் போனாள்.

ஆனால் மலையப்பன் அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தான். களத்து மேட்டு ஆலமரத்தில் நல்ல கிளையும், களத்தில் சிந்தும் தானியமும் உனக்கே, தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே என்று பேசி முடித்திருந்தான். குருவி அப்போதே கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அந்தக் கண்மாய்க்குள்ள தண்ணி வருமா?" என்று மாராயி அண்ணாந்து கேட்டாள்.

"நான் பார்த்ததில்லை" என்றது குருவி.

பறவை பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் திரும்பிப் போய்க் குடிசைக்குக் கால் நட்டாள்.

ஐப்பசியில் மேற்கே மலையில் மழை கொட்டியது. ஊரில் நல்ல வெயில். ஆலமரத்து உச்சியிலிருந்த குருவிக்கு, ஓடை நிறைய செந்தண்ணீர் புரண்டு வருவது தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் கரையேறியிருப்பார்கள். அது கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

தண்ணீர் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கட்டிக் கிடந்த குட்டிகளை அவிழ்க்கத் திரும்பிப் போன விருமன் வரவேயில்லை.

மிஞ்சியவர்கள் நனைந்த துணியோடு களத்து மேட்டுக்கு வந்து நின்றார்கள். மலையப்பன் வந்து பார்த்தான். விதி, தண்ணீரின் வெறி, யார் என்ன செய்ய முடியும் என்று ஆறுதல் சொன்னான்.

மாராயிக்கு அழுகை நின்றுபோனது.

"தண்ணி மேல பழி போடாதே. அது தன் வீட்டுக்கு வந்துச்சு. எங்களை அது வீட்டுல குடிவச்சது நீ. மேட்டை வெறுமனே போட்டுட்டு, எங்களைப் பள்ளத்துல தள்ளுன."

அதுவரை அவனை யாரும் நீ என்று சொன்னதில்லை. அவள் மரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

குருவி, "தெரியும்" என்றது.

"அப்ப இறங்கு. எங்க உசுருக்கு வெலையா வாங்குன கெளை அது."

குருவி இறங்கியது. அழுது அழுது கண்ணோரம் இரத்தமாய்ச் சிவந்து போனது. மாராயியும் அவளோடு வந்தவர்களும் அந்தக் களத்து மேட்டிலேயே குழி தோண்டிக் குடிசைக்குக் கால் நட்டார்கள். மலையப்பனை அவர்கள் கேட்கவில்லை. தடுக்க அவனுக்கும் துணிவில்லை.

ஆள்காட்டி மரத்தில் உட்காராததும், கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுவதும், பள்ளத்தில் மனிதக் கால் பட்டாலே பகலென்றும் இரவென்றும் பாராமல் கத்துவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அதன் பேச்சுதான் இப்போது நமக்குப் புரிவதில்லை. கண்மாய்க்குள் மனைக்கல் நடப் போகிறவர்கள், சனியன் கத்துது என்று கல்லெடுத்து எறிகிறார்கள்.