நன்றிக்குக் கால் வீதம்

"அம்மை, காசுக்குக் கூடின வட்டி எங்கை கிடைக்கும்?"

கேட்டவர் தவபாலசிங்கம். ஐம்பத்தேழு வயது. ஜெர்மனியின் ஒரு சிறு நகரத்தில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பகுதியில் வேலை.

பதில் சொல்ல வேண்டியவர் சாம்பவி அம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் ஞாயிறு தோறும் தியானம் சொல்லிக்கொடுப்பார். முன்பு ஏதோ ஒரு வங்கியில் ஆறு வருடம் இருந்தவர். அதனால் முக்தி கேட்டு வருகிறவர்களைவிட வட்டி கேட்டு வருகிறவர்களே அதிகம். அதற்காக அவர் கோபித்ததில்லை. வட்டிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் தியானத்துக்கும் இருந்துவிட்டுப் போகிறார்களே!

"இப்ப உங்கடை வங்கியிலை எவ்வளவு தருகினம்?"

"கால் வீதம்."

"இணையத்திலை மட்டும் நடக்கிற வங்கியள் இருக்கு. நூற்றுக்கு ரெண்டரை வீதம் தருவினம். ஒரு லட்சம் யூரோ வரைக்கும் சட்டப் பாதுகாப்பும் இருக்கு. உங்களிட்டை எவ்வளவு?"

"எழுபதினாயிரம்."

"பாதியை ஒரு வருஷத்துக்குக் கட்டி வையுங்கோ. மிச்சம் நினைச்ச நேரம் எடுக்கிற கணக்கிலை கிடக்கட்டும்."

அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது. தவபாலசிங்கம் எழும்பவில்லை.

"இன்னும் என்ன அண்ணை?"

"இது எனக்குத் தெரியும் அம்மை. கௌசலா ஒரு வருஷமாச் சொல்லுறா."

கௌசலா அவர் மனைவி. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறை, சனிக்கிழமை ஹோட்டல் அறை துப்புரவு.

"அந்த வட்டி வந்தால் சனிக்கிழமை வேலையை விடலாம். தோள்மூட்டு தேய்ஞ்சு போச்சு. சீப்பாலை தலை இழுக்கக் கை தூக்கேலாமல் அழுறா. நான்தான் இழுத்து விடுறன்."

"அப்ப ஏன் யோசிக்கிறியள்?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டெல்லே சொல்லி வளர்த்தவை."

"உப்பிட்டது ஆர்?"

"இந்த வங்கி."

அம்மை தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"வங்கிக்குக் கை இருக்கோ?"

தவபாலசிங்கத்துக்கு விளங்கவில்லை. கதையை முதலிலிருந்து சொன்னார்.

வந்த புதிதில் அவரிடம் அகதி அட்டை மட்டும்தான். கோப்பை கழுவிய சம்பளத்தைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு மூன்று வங்கி ஏறி இறங்கினார். மூன்றிலும் வாசலைக் காட்டினார்கள். நாலாவது இடத்தில் லோமன் என்று ஒரு பெண். உட்காரக் கதிரையைக் காட்டினார். படிவத்தில் இருந்த கட்டங்களுக்குள் 'குமாரசூரியர் தவபாலசிங்கம்' அடங்கவில்லை. மற்ற அலுவலகங்களில் எல்லாம் பாதியில் வெட்டிவிட்டிருந்தார்கள். லோமன் பசை எடுத்து, ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, கட்டங்களைக் கூட்டி, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினார்.

"இந்த நாட்டிலை என்ரை பேர் முழுசா இருந்த முதல் கடதாசி அதுதான் அம்மை. எப்பிடிக் காசை எடுக்கிறது? துரோகமெல்லே?"

அம்மை தலையாட்டினார்.

"நல்லது. போய் நன்றி சொல்லிப்போட்டு வாங்கோ."

அடுத்த நாளே போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம்பெண்.

"நன்றி சொல்ல வந்தேன்."

"முறைப்பாட்டுக்குப் படிவம் இருக்கிறது," என்றாள் அவள். "நன்றிக்கு… கேட்டுப் பார்க்கிறேன்." உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "இல்லையாம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை அம்மையிடம் வந்து உட்கார்ந்தார்.

"அங்கை நன்றி வாங்க ஆளில்லை அம்மை. அந்தக் காலத்து மிஷின்கூட ஒண்டும் மிஞ்சேல்லை."

"லோமன் எங்கை?"

"பென்ஷன் எடுத்துப் போயிட்டாவாம்."

"எங்கை இருக்கிறா?"

"தெரியாது."

"அவ உங்கடை பேரை எழுதி எத்தினை வருஷம்?"

"இருபத்தொன்பது," என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

அம்மை எழும்பினார். வாசலில் உள்ளே பார்த்தபடி கிடந்த தவபாலசிங்கத்தின் சப்பாத்துகளைக் குனிந்து எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"ஐயோ, நீங்கள் ஏன் அம்மை!" என்று பதறிக்கொண்டே அவர் மாட்டினார்.

தொலைபேசிப் புத்தகத்தில் மூன்று லோமன்கள் இருந்தார்கள். மூன்றாவது வீட்டின் கதவைத் திறந்தது அந்த லோமனேதான். வெள்ளைத் தலை, கையில் ஊன்றுகோல். தவபாலசிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் கௌசலா, பயற்றம் பணியாரப் பெட்டியோடு. "அந்த வங்கிக்காரிக்கு நான் பலகாரம் சுடவோ" என்று முணுமுணுத்துக்கொண்டே சுட்டது.

லோமனுக்கு முகம் நினைவில்லை. பேரைச் சொன்னதும் யோசித்தார்.

"அந்த நீளமான பேர்! ஓரத்தில் ஒட்டினோமே!"

ஜெர்மன் மரியாதை எல்லாம் மறந்து, தவபாலசிங்கம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழவி திகைத்துப்போனார், ஆனால் கையை இழுக்கவில்லை.

கோப்பி வந்தது. பணியாரம் பிடித்துப்போய் லோமன் மூன்றாவதையும் எடுத்தார். அப்போதுதான் தவபாலசிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்கள் வங்கியிலிருந்து என் காசை எடுத்தால், நீங்கள் தப்பாக நினைப்பீர்களா?"

"இன்னுமா அங்கே வைத்திருக்கிறீர்கள்? எவ்வளவு வட்டி?"

"கால் வீதம்."

லோமன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் ஓய்வு பெற்ற வாரமே என் காசை எடுத்துவிட்டேனே!"

கௌசலா வாய்விட்டுச் சிரித்தார். தவபாலசிங்கம் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு நன்றியாகத்தான் இத்தனை வருடம் விட்டு வைத்தேன்."

"அது எனக்கு வந்து சேரவேயில்லையே," என்றார் லோமன். "ஒரு நாள் கோப்பி குடிக்க வந்திருக்கலாமே."