கேசேக்கி என்ற சொல் கெட்டுப்போன கதை

நாயும் மனிதனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொரிய நாட்டு மலையடிவாரம் ஒன்றில் மான்சோக் என்பவன் கரிமூட்டம் போட்டுப் பிழைத்துவந்தான். பிரசவத்திலேயே அவன் மனைவி இறந்துபோனாள். பிறந்த ஆண் குழந்தைக்கு ஊரில் பால் கொடுக்க யாருமில்லை. அவன் வீட்டில் நுரொங்கி என்றொரு மஞ்சள் நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. அது தானாகவே வந்து குழந்தையின் பக்கத்தில் படுத்துப் பால் கொடுத்தது.

குழந்தைக்குத் தோல்சே என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர்கள் மொழியில் 'கே' என்றால் நாய், 'சேக்கி' என்றால் குட்டி. ஊரே அவனைக் கேசேக்கி என்று கொஞ்சியது. அவனும் நுரொங்கியை அம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தான்.

அவனுக்கு இருபது வயதான வருஷம், பனி கொட்டிய ஒரு நாள், அவனும் நுரொங்கியும் விறகுக்குப் போனார்கள். திரும்பும்போது புலி பின்தொடர்ந்தது. இருவரும் ஓடினார்கள். நுரொங்கிக்கு வயதாகிவிட்டது, பின்தங்கிவிட்டது. தோல்சே முதலில் வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டான்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "மகனே, நான்தான். திற."

அவன் திறக்கவில்லை. குரல் மறுபடி வரவில்லை.

சத்தம் கேட்டு மான்சோக்கும் ஊராரும் தடிகளோடு ஓடிவந்தபோது புலி போய்விட்டிருந்தது. பனியில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். கால்தடங்களையும் பார்த்தார்கள். நுரொங்கி ஓடி ஒளியப் பார்க்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி, புலியைப் பார்த்தபடியே கடைசிவரை நின்றிருந்தது. மகன் உள்ளே இருந்தான் அல்லவா.

கதவு திறந்தது. மான்சோக் மெதுவாகக் கேட்டான். "அவள் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாள், அப்பா."

"உனக்குக் கேட்டதா?"

"கேட்டது."

மான்சோக் வாய் திறந்தான். வேறெந்தச் சொல்லும் வரவில்லை. இருபது வருஷமாகக் கொஞ்சிய அந்த ஒரே சொல்தான் வந்தது.

"கேசேக்கி."

சொன்னவனே அதிர்ந்து தன் வாயைப் பொத்திக்கொண்டான். அதே சொல்தான், எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் காதுகளை மூடினார்கள். தோல்சேயின் முகம் வெளுத்துவிட்டது. ஊர் நாய்களெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு திரும்பிப் போயின. அதன்பின் அவை மனிதனோடு பேசவேயில்லை.

அன்று முதல்தான் கொரியர்கள் நாய்க்குட்டியைக் காங்அஜி என்று வேறு பெயரிட்டுக் கொஞ்சுகிறார்கள். தாய்மார் இன்றும் தங்கள் பிள்ளையை 'என் சேக்கி' என்று அணைத்துக்கொள்வார்கள். முன்னால் 'கே' சேர்ந்துவிட்டால் மட்டும் கேட்டவன் அடிக்கக் கை ஓங்கிவிடுகிறான். பால் கொடுத்தவளை வெளியே விட்டுத் தாழ் போட்டவன் என்று அதற்குப் பொருள்.