புறப்படுகிறவரிடம் ஒரு கேள்வி

"ரெஜினாவுக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்," என்றார் தெய்வநாயகம்.

அமலோற்பவம் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

தெய்வநாயகம் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குழந்தைகள் இரண்டாவது மொழியை எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்று வெளிநாட்டில் வெகுகாலம் ஆராய்ந்தவர். ஆராய்ந்தது போதும், இனிக் கற்றுக்கொடுக்கப் பழக வேண்டும் என்று ஊர் திரும்பினார். கடற்கரையில் மீனவப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தும் அமலோற்பவத்திடம் மாணவராகச் சேர்ந்தார்.

"வாயே திறக்க மாட்டேங்கிறாளா?"

"மத்ததெல்லாம் பேசுறா. பேரு, வயசு, மீன், மழை, சண்டைகூட இங்கிலீஷ்ல போடுறா. எட்டாம் பாடத்துல வந்து நின்னுட்டா."

எட்டாம் பாடம் எளிது. ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும். இன்னொரு பிள்ளை, "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்கும். போகிற பிள்ளை பதில் சொல்லும். அவ்வளவுதான்.

"அர்த்தம் புரியலையோ என்னவோ."

"உக்காந்த இடத்துல அர்த்தம் கேட்டா டக்குனு சொல்றா. ஜோடிப் பய டெரன்ஸ் பையோட எழுந்து நடந்தா வாய மூடிக்கிறா."

"பாடம் புடிக்கலையோ?"

"அதையும் யோசிச்சேன். புத்தகத்துல மியூசியத்துக்குப் போறேன்னு இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு மியூசியம் என்னத்துக்கு? அவங்க வாழ்க்கையோட ஒட்டணும்ல? நானே மாத்தினேன். 'ஐ ஆம் கோயிங் டு த ஸீ.' பைக்குப் பதிலா நெசமான வலை கொண்டாந்து டெரன்ஸ் தோள்ல போட்டேன்."

டீச்சரின் கை கரும்பலகையில் நின்றது.

"போட்டீங்களா?"

"போட்டேன். மியூசியத்துக்காவது கொஞ்சம் முனகினா. கடலுக்குன்னதும் ஒரேயடியா அடைச்சுப்போச்சு. சரின்னு டெரன்ஸ்ட்ட நானே கேட்டேன். அந்தப் பய பதில் சொல்லாம திரும்பி வந்து உக்காந்துட்டான். பாட்டிலத் திறந்து தண்ணி குடிக்கிறான்! என்ன வச்சுக் கேலி பண்றானுங்க டீச்சர்."

டீச்சர் சிரித்த மாதிரி இருந்தது. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"எட்டு வராதவங்க திரும்ப ஒண்ணாம் பாடத்துல உக்காரணும். நீங்க போட்ட விதிதான். அவகிட்டச் சொன்னேன். குட்டிப் பிள்ளைங்களோட உக்கார வச்சா நாளையிலேர்ந்து வரவே மாட்டேன்னுட்டா."

"வர மாட்டா. அவ அம்மையும் சொன்னா சொன்னதுதான்."

"ஒரு பிள்ளை படிப்பு என்னால நின்னுபோகும். நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் துடைப்பானை வைத்தார். மூலையில் இருந்த குடையை எடுத்தார். வாசலை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க டீச்சர்?"

டீச்சர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

சற்றுப் பொறுத்து எழுந்தார். குடையை எடுத்தார்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே. எங்கதான் கெளம்புறீங்க?"

உட்கார்ந்தார். இன்னொரு டம்ளர்.

தெய்வநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. டெரன்ஸ் செய்த அதே வேலை. டீச்சருமா கேலி செய்கிறார்? இல்லை, இது ஏதோ கற்பித்தல் முறையாக இருக்கும். தான் படித்த முறைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

எதிலும் தண்ணீர் இல்லை.

"வயிறு நெறஞ்சு போச்சு சார்," என்றார் டீச்சர். "வாங்க. பேசாம வாங்க."

கரையில் வள்ளங்களை நீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ரெஜினாவின் அப்பா தோளில் வலையோடு வந்தார். அம்மா சோற்றுத்தூக்கை நீட்டினாள். பக்கத்தில் ரெஜினா நின்றாள். அவர் வாங்கிக்கொண்டு நடந்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவு தூரம் பேசாமல் வந்ததே தெய்வநாயகத்துக்குப் பாரமாக இருந்தது. எதிரே வருவதோ தெரிந்த முகம்.

"என்ன தம்பி, எங்க போறீங்க? கடலுக்கா?"

ரெஜினாவின் அப்பா நின்றார். வலையைத் தோளிலிருந்து இறக்கினார். மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு," என்றாள் அம்மா.

"யாருடே அது?" வள்ளத்தடியிலிருந்து ஒரு குரல். "வலையத் தூக்கிட்டு மலைக்கா ஏறுவான்?"

"படிச்ச ஆளுடே. அப்படித்தான் கேப்பாரு."

சிரிப்பு எழுந்தது. அம்மா சிரிக்கவில்லை. கணவனிடம் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தெய்வநாயகத்திடம் வந்தாள்.

"கெளம்புற ஆளுட்ட எங்கன்னு கேக்கப்படாது சார். அதுலயும் கடலுக்குப் போற மனுசன்ட்ட."



தெய்வநாயகம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகத் தெய்வநாயகத்தின் முகம் தெளிந்தது. ரெஜினாவின் பக்கம் குனிந்தார்.

"இதுக்காகத்தானா? அட, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா! தமிழ்ல கேக்க வேண்டாம். இங்கிலீஷ்ல கேட்டா ஒண்ணும் ஆகாது. அது சும்மா பாடந்தானே?"

ரெஜினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், கடலுக்கு இங்கிலீஷ் தெரியாதா சார்?"

தெளிந்த முகம் மறுபடி கலங்கியது. பதில் தேடினார். தெரியும் என்று சொன்னாலும் இடித்தது. தெரியாது என்று சொன்னாலும் இடித்தது.

"சொல்லுங்க சார்," என்றார் டீச்சர். "நாளைக்கு இவள எந்தப் பாடத்துல உக்கார வைக்கப் போறீங்க?"

அவர் வாய் திறக்கப் போனார். அந்நேரம் ரெஜினாவின் அப்பா கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். வலை தோளுக்கு ஏறியது.

தெய்வநாயகம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வள்ளம் அலையில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போகும்வரை நாலு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"ஒன்பதாம் பாடத்துல," என்றார் தெய்வநாயகம்.

"எட்டுல வாயே திறக்கலையே?"

"ஆமா டீச்சர்," என்றார். "திறக்கலை."