நாரையின் முழங்கால்

காட்டுக் குளத்தில் தண்ணீர் ஏறினால் அதை அளப்பது நாரையின் பொறுப்பு. தனியாகக் கருவி எதுவும் கிடையாது, அதன் கால்தான் அளவுகோல். கோரைப்புல்லுக்கு அப்பால் போய் நிற்கும். தண்ணீர் முழங்கால்வரை இருந்தால் பயமில்லை என்று கத்தும். முழங்காலைத் தாண்டினால் எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று கத்தும். அவ்வளவு தூரத்திலிருந்து அதன் குரல் மேட்டுக்கு எட்டாது. அதனால் வழிநெடுக உட்கார்ந்திருக்கும் தவளைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக் கடத்தும்.

மேட்டில் எருமைத் தலைவர் படுத்திருப்பார். எந்தக் கூட்டத்தையும் படுத்துக்கொண்டுதான் நடத்துவார். ஆனாலும் நல்லவர். ஊருக்கு ஒன்று என்றால் அவருக்குப் புல் இறங்காது.

அந்தப் பங்குனியில் யாரும் எதிர்பாராத அடைமழை. தலைவர் படுத்தபடியே பரபரப்பானார். மேட்டில் இடம் ஒதுக்கச் சொன்னார். முயல்களை விட்டுப் புல் சேர்க்கச் சொன்னார். நாரையிடம் அளவு கேட்டனுப்பினார்.

"முழங்கால்தான், பயமில்லை."

"முழங்கால், முழங்கால், முழங்கால்" என்று தவளைகள் கடத்தின.

மழை வலுத்தது. தலைவர் மறுபடி கேட்டார். அப்போதும் முழங்கால்தான். இந்தத் தடவை சேதியைக் கடத்தப் பாதித் தவளைகளே போதுமாயிருந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலைவர் நிம்மதியாக அசைபோட்டார்.

அப்போது வயலெலி ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு, தொப்பலாக நனைந்து ஓடி வந்தது. குட்டியைத் தலைவர் முன்னால் போட்டது. வளைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது, மற்ற குட்டிகள் உள்ளேயே கிடக்கின்றன, யாராவது வாருங்கள் என்று அழுதது.

"அதெப்படிம்மா? இப்பத்தானே முழங்கால்னு சேதி வந்துச்சு" என்றார் தலைவர்.

"ஆமாங்க தலைவரே, முழங்கால்தான்" என்று பக்கத்திலிருந்தே பதில் வந்தது.

தலைவர் அசைபோடுவதை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, நீ கோரைப்புல்லுக்கு அந்தாண்டை நிக்கிற ஆளு. உன் குரல் எப்படி என் காதுக்குள்ளயே கேக்குது?"

நாரை குனிந்து பார்த்தது. அது மேட்டின் ஓரத்தில் நின்றிருந்தது. தண்ணீர் ஏற ஏற, இறகு நனையக் கூடாதென்று ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கியிருந்தது. வந்து நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் முழங்கால் அளவுதான். பாவம், பொய் எதுவும் சொல்லவில்லை. நிற்கும் இடத்தைத்தான் சொல்ல மறந்துவிட்டது.

தலைவர் திட்டவில்லை. எழுந்தார். அவர் எழுந்து நின்றதைப் பல முயல்கள் அன்றுதான் பார்த்தன. வயலெலியைக் கொம்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். நாரையும் பின்னால் ஓடியது.

வளைக்குள் தண்ணீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. தலைவர் வெள்ளம் வரும் பக்கமாகத் தொப்பென்று படுத்தார். படுப்பதில் அவரை யார் மிஞ்ச முடியும்? தண்ணீர் அவர் முதுகில் மோதி விலகியது. ஆனால் வளை ஆழம். உள்ளே எட்டும் நீளம் நாரையின் அலகுக்குத்தான் இருந்தது.

வயலெலி அந்த அலகைப் பார்த்தது. எத்தனை எலிகளை விழுங்கிய அலகு!

நாரை தலையைத் தாழ்த்தியது.

"அக்கா, என் தலைமேலயே உக்காந்துக்க. நான் வாயை அழுத்தி மூடினா, உடனே என் கண்ணைக் கடிச்சிரு."

வயலெலி ஏறி உட்கார்ந்தது. நாரை அலகை வளைக்குள் விட்டது. ஒரு குட்டி வந்தது. அடுத்தது வந்தது. ஒவ்வொன்றும் தலைவரின் கழுத்தில் இறங்கியது. கடைசிக் குட்டி விறைத்துப்போய் வந்தது. நாரை சேற்றிலேயே உட்கார்ந்து அதை இறகுக்குள் அணைத்துக்கொண்டது. இறகெல்லாம் நனைந்தது. வெகுநேரம் கழித்து உள்ளிருந்து "கீச்" என்றொரு சத்தம் கேட்டது. தலைவர் அப்போதுதான் மூச்சுவிட்டார்.

அடுத்த மழைக்கு நாரை நேராக வயலெலியின் வாசலில் போய் நின்றது. தண்ணீர் விரல்நுனியைத் தொட்டதுமே கத்தியது. தவளைகள் கடத்தின. தலைவர் நின்றுகொண்டே காத்திருந்தார்.

ஆபத்தை அளக்கப் போகிறவர், முதலில் நனைகிற வீட்டின் வாசலில் நின்று அளக்க வேண்டும்.