கட்டெறும்பூரார் சீனாவில் தங்கிய அறை

கட்டெறும்பூரில் முட்டாள்கள் யாரும் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே கூடிப் பேசி முடிவெடுத்து, அதை எழுதி ஊர் எல்லையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். எழுத்து ஊருக்குள் பார்த்தபடி இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பலகையின் முதுகுதான் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால், "வெளியூர்க்காரனுக்கு எதுக்கு? மறந்துபோறது நாங்கதானே" என்பார்கள்.

அந்த ஊரில் பிறந்தும் எப்படியோ படித்துவிட்டவன் தவசி. சீனாவில் குவாங்சோ என்கிற நகரத்தில் துணிக் கம்பெனியில் வேலை. அங்கேயே மெய்லின் என்ற பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெண்ணுக்கும் பிடித்தது. அவள் அப்பா லியாங் மட்டும் ஒன்று சொன்னார்: "எங்கள் வழக்கப்படி மணப்பெண் மண்டியிட்டுத் தேநீர் கொடுப்பாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வாங்கிக் குடிக்க வேண்டும். குடிக்க ஆள் இல்லையென்றால் கல்யாணமும் இல்லை. நல்ல நேரம் மதியம் பன்னிரண்டோடு முடிகிறது."

தவசிக்கு அப்பா அம்மா இல்லை. இருப்பது தாய்மாமன் சடையாண்டி ஒருவர்தான். ஒற்றை ஆளாகப் போனால் 'வீட்டார்' ஆகாது என்று, ஊர்க் கூட்டாளிகள் ஒச்சப்பனையும் மொக்கையனையும் சேர்த்துக்கொண்டார். தவசி போனில் சொன்னான்:

"மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. டிரைவர் உங்களை ஓட்டல்ல கொண்டுவந்து விடுவாரு. அவர் விடுற ரூம்லேயே இருங்க. பொண்ணோட அப்பா வந்து கூப்பிடுவாரு. அவர் வந்து கூப்பிடாம நீங்களா வெளியே வந்து அலையாதீங்க. அப்புறம், அவங்க நமக்கு என்ன மரியாதை செய்றாங்களோ, அதை நாமளும் ஒருநாள் ஒண்ணு விடாம திருப்பிச் செய்யணும். இதுல தப்பினா என் கல்யாணம் போச்சு."

"உன் கல்யாணம் என் பொறுப்பு மாப்பிள்ளை," என்றார் சடையாண்டி. மரியாதைகளை மறக்காமல் இருக்க, ஒன்றுக்கு ஒரு முடிச்சு என்று துண்டில் போட்டுவரும் வேலை மொக்கையனுக்கு வந்தது.

கல்யாண நாள் காலையில் போய் இறங்கினார்கள். காரில் போகும்போது மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு பக்கமும் கட்டடங்கள், மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன.

"இவ்வளவு ஒசரத்துக்கு எப்படிய்யா வெள்ளையடிப்பாங்க?" என்றார் ஒச்சப்பன்.

மொக்கையன் யோசித்தார். "படுக்க வச்சு அடிப்பாங்க. காஞ்சதும் தூக்கி நிறுத்திருவாங்க."

"அதுக்குத்தான் ரோட்டை இவ்வளவு அகலமா விட்டிருக்கான்," என்றார் சடையாண்டி. பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம், கட்டடம் எதையும் படுக்கப் போடப்போகிறார்களோ என்று மூவரும் குனிந்துகொண்டார்கள்.

ஓட்டலில் டிரைவர் அவர்களை லிஃப்ட்டுக்குள் அழைத்துப்போய், பத்தொன்பதாம் பொத்தானை அழுத்தினார். அப்போதுதான் காரில் விட்டுவந்த பை நினைவுக்கு வந்தது. 'இருங்கள்' என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். சுவரெல்லாம் எவர்சில்வர். பின்னால் ஆளுயரக் கண்ணாடி. தரை பளபளவென்று இருந்ததால் ஏற்கெனவே செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைந்திருந்தார்கள். ஆறு செருப்பு, சடையாண்டியின் இடது கால் செருப்புக்கு மட்டும் வாரில் ஊக்கு குத்தியிருக்கும்.

"ரூம் சின்னதுதான். ஆனா சுத்தம்," என்றார் சடையாண்டி. ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள்.

கதவு திறந்தது. வெளியே சிவப்புக் கம்பளம் விரித்த நடை. செருப்பைக் காணோம்.

"செருப்பைத் தூக்கிட்டான்," என்றார் ஒச்சப்பன்.

"செருப்பு மட்டுமா? வாசலையே காணோம். இவ்வளவு பெரிய வாசலைத் தூக்குறவன் ஊக்கு குத்தின செருப்பையா தூக்குவான்?" என்றார் மொக்கையன்.

கதவு மூடி மறுபடி திறந்தது. இந்தத் தடவை வெளியே பூந்தொட்டி. அடுத்த தடவை, நீச்சல் துண்டு கட்டிய ஒரு பெரியவர். அதற்கடுத்த தடவை பழைய வாசல், ஆறு செருப்பும் வைத்தபடி.

சடையாண்டிக்கு விளங்கிவிட்டது. "நமக்கு வெளியே போகக் கூடாதுன்னு கட்டளை. அது அவங்களுக்கும் தெரியும். அதான் உக்கார்ந்த இடத்துலேயே ஊரைக் கொண்டுவந்து காட்டுறாங்க. போடுய்யா முடிச்சு."

மொக்கையன் போட்டார்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்து, இவர்களைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, உடனே திரும்பிக் கதவைப் பார்த்து நின்று, கொஞ்ச நேரத்தில் பேசாமல் வெளியே போனார்கள்.

"என்னய்யா, பார்க்க வந்துட்டு முதுகைக் காட்டுறாங்க?" என்றார் ஒச்சப்பன்.

"நம்ம ஊர்ல விருந்தாளியைப் பார்க்க வர்றவன் என்ன செய்வான்? என்ன சம்பளம், எத்தனை பிள்ளை, எதுக்கு இளைச்சுட்டேன்னு குடைஞ்செடுப்பான். இவங்க நாகரிகம் தெரிஞ்சவங்க. நாம கூச்சப்படக் கூடாதுன்னு மூஞ்சியைக்கூடப் பார்க்கிறதில்லை," என்றார் சடையாண்டி.

வெறுங்கையோடு அனுப்பலாமா? தூக்கைத் திறந்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு முறுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றரை மணிக்குள் முறுக்கு முப்பத்தொன்று போயிருந்தது. மொக்கையனின் துண்டு கோவணம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

லிஃப்ட்டில் ஏற்றிவிட்டேன் என்று டிரைவர் சொன்னதை நம்பி, பத்தொன்பதாம் மாடியில் தவசி அறை அறையாகத் தேடி வியர்த்துப்போனான். அதே மாடியில் இருந்த கல்யாண மண்டபத்தில் மெய்லின் தேநீர்த் தட்டோடு நின்றாள். லியாங் கடிகாரத்தைப் பார்த்தார். "உன் பெரியவர்களுக்கு இதில் இஷ்டமில்லை போலிருக்கிறது," என்றார். தவசி கீழே போய்த் தேடலாம் என்று லிஃப்ட்டுக்கு ஓடி வந்தான். கதவு திறந்தது. உள்ளே மூவரும் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா மாப்பிள்ளை. செருப்பைக் கழட்டிட்டு வா," என்றார் மாமா.

"மாமா, இது ரூம் இல்லை. லிஃப்ட்டு. எந்திரிச்சு வாங்க, நேரமாச்சு."

"ரூமுக்கு அந்தப் பேரா? நல்லாயிருக்கு. ஆனா பொண்ணோட அப்பா வந்து கூப்பிடணும்."

"அதான் நான் கூப்பிடுறேனே."

"நீ பொண்ணோட அப்பாவா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"இல்லை."

"அப்ப நீ கூப்பிட்டு நாங்க வந்தா, நீ சொன்னதை நாங்க கேக்காத மாதிரி ஆயிரும். உன் கல்யாணத்தை நீயே கெடுக்கப் பார்க்கிறியே," என்றார் மொக்கையன்.

கதவு மூடப்போயிற்று. தவசி குறுக்கே காலை நீட்டிக்கொண்டு, அழுகிற குரலில் மெய்லினைக் கூப்பிட்டான். மகள் தட்டோடு ஓடுவதைப் பார்த்து லியாங்கும் பின்னால் வந்தார். பெண்ணின் அப்பாவைக் கண்டதும் மூவரும் எழுந்து கைகூப்பினார்கள். மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று லியாங் உள்ளே காலை வைத்தார். மெய்லினும் வைத்தாள். தவசியும் குறுக்கே நீட்டிய காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

இனி ஏறி வந்து மண்டபம் போய்ச் சேர நேரமில்லை. மெய்லின் ஜமக்காளத்திலேயே மண்டியிட்டாள். சடையாண்டி பதினான்காம் மாடியில் கோப்பையை வாங்கினார். ஒச்சப்பன் ஒன்பதில் குடித்தார். மொக்கையன் சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்து, கடைசியில் இரண்டாம் மாடியில் குடித்து முடித்தார். இடையில் கதவு திறந்தபோதெல்லாம் வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

லியாங் தவசியிடம் மெல்லக் கேட்டார்: "இவர்கள் காலையிலிருந்து எனக்காக இதற்குள்ளேயா காத்திருந்தார்கள்?"

"ஆமாம்," என்றான் தவசி. அது பொய்யில்லை.

லியாங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுபது வயதில் தனக்கு யாரும் இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை என்றார். கீழே கதவு திறந்தபோது அந்த ஆறு செருப்புக்குப் பக்கத்தில் இன்னும் நாற்பது ஜோடி இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும், இதுதான் புது விதிபோலிருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும், சீனா எப்படி என்று கேட்டார்கள்.

"சின்னதுதான்," என்றார் சடையாண்டி. "மூணு பேர் படுக்கலாம். ஆனா கதவைத் திறக்கத் திறக்க வேற வேற ஊரு."

மறு வருஷம் மகள் மருமகனோடு லியாங் கட்டெறும்பூருக்கு வந்தார். துண்டின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டன. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் தகரத்தில் ஒரு சின்ன அறை தயாராக இருந்தது. உள்ளே முடிதிருத்தும் கடையிலிருந்து இரவல் வாங்கிய கண்ணாடி. கதவோரம் மொக்கையன் சுண்ணாம்பால் போட்ட பொத்தான்கள், சரியாகப் பத்தொன்பது.

சம்பந்தியை உள்ளே உட்காரவைத்து, கையில் முறுக்குத் தூக்கைக் கொடுத்தார்கள். ஊர்ஜனம் எட்டு எட்டுப் பேராக நுழைந்து, அவருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நின்று, ஆளுக்கொரு முறுக்கு வாங்கிக்கொண்டு பேசாமல் போயிற்று. கதவு மூடியிருக்கும்போது வெளியே எல்லோரும் ஓடினார்கள். முதல் தடவை திறந்தால் எருமை. அடுத்த தடவை வாழைமரமும் மேளமும். அப்புறம் வைக்கோல் வண்டி. அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர், நீச்சல் துண்டோடு.

"மாமா, போதும், அவரை வெளியே விடுங்க," என்றான் தவசி.

"குறுக்கே பேசாதே. இன்னும் முடிச்சு இருக்கு."

ஆறாவது தடவை கதவு திறந்தபோது, லியாங் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, மகளிடம் ஏதோ சொன்னார். பிறகு கையை நீட்டி, மேலே கடைசியில் இருந்த சுண்ணாம்புப் பொத்தானை அழுத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் சடையாண்டி.

தவசி தலையில் கைவைத்துக்கொண்டான். "பத்தொன்பதாம் மாடிக்குப் போகணுமாம்."

ஊர் கூடிப் பேசியது. எருமை, வண்டி, மேளம், எல்லாம் காட்டியாகிவிட்டது.

"நம்ம ஊர்ல ஆறுக்கு மேல காட்டுறதுக்கு ஒண்ணுமில்லையே," என்றார் ஒச்சப்பன். "பக்கத்து ஊர்ல ஒரு ஒட்டகம் வந்திருக்காம். கூட்டிட்டு வரச் சாயங்காலம் ஆயிரும்."

"ஆகட்டும்," என்றார் சடையாண்டி. "கதவைச் சாத்து. ஏறிக்கிட்டிருக்குன்னு சொல்லு."